மலைப்பாம்புக் குட்டி

வைக்கோல் படப்பைக் கோடை மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். அடியில் கல்லும் பனைமட்டையும் பரப்பி அதற்கு மேல்தான் போட வேண்டும். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி போட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. இந்த வருஷம் பிசான நெல் அறுத்த சமயத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டோம். அவர்கள் அடிமட்டத்தைச் சரியாக அமைக்கவில்லை. சந்து விழுந்துவிட்டது. சந்து இருந்தால் எலி வரும். எலியைத் தேடி மற்றதும் வரும். அதில் என் தப்பு எதுவும் கிடையாது. அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

பெயர், வயது, ஊர் எல்லாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். சந்தனச்செல்வி, நாற்பத்தொன்பது, கொற்கைக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரை ஊர். ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் வீட்டுக்காரரும். இன்னொன்றில் என் கொழுந்தன் செந்தூர்வேல். அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தொழுவம், ஒரு பசு, அந்தப் படப்பு.

பாம்பு என்று நான் சொன்னதும் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பிள்ளை காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அப்படிப் பயந்தால் பிழைக்க முடியாது. வரப்பில் தரை அதிர நடப்போம். விறகு எடுக்கும் முன் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுவோம். கட்டுவிரியன் பாய்க்கு வரும் என்பதால் தரையில் படுக்க மாட்டோம். நல்ல பாம்பு குறுக்கே போனால் கும்பிட்டு நின்று வழிவிடுவோம். கண்ணாடி விரியனுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. அது விலகிப் போகாது. சோம்பேறி மாதிரி சுருண்டு கிடக்கும். முதுகில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசை வட்டம். எட்டு வயதில் களை பறிக்கப் போன காலத்திலிருந்து எனக்கு அதைத் தெரியும். என் சித்தப்பாவை அது கடித்து, மூத்திரம் நின்றுபோய், உடம்பெல்லாம் வீங்கி அவர் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஆகவே, எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

உமாராணியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. செந்தூர்வேலின் மகள். அவளைப் பெற்ற பேச்சித்தாய் மஞ்சள் காமாலையில் போனபோது பிள்ளைக்குப் பதினோரு மாதம். எனக்குக் குழந்தை கிடையாது. அன்று சாயங்காலம் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் போட்டேன். அவ்வளவுதான். அவள் முதலில் நடந்தது என் வீட்டு வாசலில். முதலில் அம்மா என்றது என்னைப் பார்த்து. காதுகுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, அம்மை போட்டபோது பதினைந்து நாள் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது, எல்லாம் நான். செந்தூர்வேல் துறைமுகத்திலிருந்து வருவான், மிட்டாய் கொடுப்பான், தூங்கிப்போவான். எட்டு வருஷம் இப்படி ஒழுங்காகப் போயிற்று.

அப்புறம் அவன் மெட்டில்டாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் திரேஸ்புரத்துப் பெண். மீன் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் முப்பத்தாறு வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. கிறிஸ்தவ வேதக்காரி, எங்கள் ஆட்கள் இல்லை என்று ஊரில் பேசினார்கள். நான் பேசவில்லை. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வாசலில் ஆரத்தி எடுத்தது நான்தான்.

அவள் கெட்டவள் கிடையாது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் வைக்கும் சூரைமீன் குழம்பை என் வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். என்னை அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். பால் கறக்கப் பழகினாள், சாணத்தில் எருவாட்டி தட்டப் பழகினாள். பிள்ளையிடம் அவள், என்னை அம்மா என்று சொல்லு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கெட்டவளோடு சண்டை போடலாம்.

உமா தானாகவேதான் மாறினாள். முதலில் தலை பின்ன அங்கே போனாள். பிறகு பரீட்சைக்குப் படிக்க. அங்கே ஃபேன் நல்லா ஓடுது என்றாள். பிறகு அங்கேயே தூங்கிவிட்டாள். போன வருஷம் சாயர்புரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மெட்டில்டாதான் என்னையும் வரச்சொல்லி வற்புறுத்தினாள். இசபெல்லா டீச்சர் மேஜையிலிருந்து நிமிர்ந்து, "உமாராணி அம்மா யாரு?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். டீச்சர் சிரித்துக்கொண்டே, "நீயே சொல்லுளா, இதுல யாரு ஒங்க அம்மா?" என்றார். பிள்ளை மெட்டில்டாவின் கையைப் பிடித்தாள். "இது அம்மா. அது பெரியம்மா."

நான் உட்கார்ந்துவிட்டேன். மெட்டில்டா உடனே, "அக்காதான் டீச்சர் வளத்தாவ. எல்லாம் அக்காதான்" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மெட்டில்டா என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சின்னப்பிள்ளதான அக்கா, ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய" என்றாள். நான் எதுவும் நினைக்கவில்லை என்றேன்.

இந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலை எட்டு மணி இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன மெட்டில்டா படப்புக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கடற்கரைப் பெண் அல்லவா. அவள் அப்பா வலை வீசிய காலத்தில் கடல் பாம்பு வலையோடு வரும், வாலைப் பிடித்துத் தூக்கிக் கடலில் எறிவார்களாம்.

"அக்கா, இங்கன வாங்க. இது என்ன பாம்பு?"

போய்ப் பார்த்தேன். அடியில், சந்து விழுந்த இடத்தில் சுருண்டு கிடந்தது. என் கை மொத்தத்துக்கும் மேல் பருமன். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. சங்கிலி வட்டங்களை எண்ணியிருக்கலாம். வயிறு உப்பியிருந்தது, சினையாக இருந்தது என்பதுகூட எனக்குத் தெரிந்தது. எங்கள் அரவம் கேட்டதும் சீறியது.

"என்னக்கா, குக்கர் மாதிரி சத்தம் போடுது" என்றாள்.

என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதுவும் சரியில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். வீட்டுக்காரர் வயலில் இருந்தார். ஒரு குரல் கொடுத்தால் மண்வெட்டியோடு வந்திருப்பார். ஐந்து நிமிஷத்து வேலை. மெட்டில்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைப்பாம்புக் குட்டிளா" என்றேன். "வெசம் கெடையாது. எலி பிடிக்க வந்திருக்கு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"கடிக்காதா?"

"சும்மா சீறும். கடிச்சாலும் எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அவள் சிரித்தாள். "கடலுன்னா நான் சொல்லுவேன். வயக்காடுன்னா நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

பயந்து ஊருக்குப் போய்விடட்டும் என்று நினைத்திருந்தால் விரியன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவள் போயிருக்க மாட்டாள். போனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் திட்டம் போடவில்லை. ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். பாம்புகள் ஓரிடத்தில் நிற்காது, நாளைக்கே போய்விடும் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். அங்கேதான் கிடந்தது. அடுத்த நாளும் கிடந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன்.

ஒருநாள் மெட்டில்டா, பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிற ஆட்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள், அவள் வேலை பார்த்த கம்பெனிக்கு வருவார்கள், போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். பாவம், எலி தின்னுகிற ஜீவன், அதை ஏன் விரட்ட வேண்டும் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். உயிர் என்றால் அவளுக்கு இரக்கம் உண்டு. அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டாமா என்றாள். அவரோ செந்தூர்வேலோ கண்டால் அடித்துவிடுவார்கள், இரண்டு பேரிடமும் சொல்லாதே என்றேன். அதற்கும் ஒத்துக்கொண்டாள். அதனால்தான் என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போயிற்று. இடுப்பு வலியில் அவர் தொழுவத்துப் பக்கம் வருவதும் குறைந்திருந்தது.

படப்புக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பு சாத்தி வைத்திருப்போம். தட்டிப் பார்க்க. அந்தக் கம்பை முருங்கை மரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்தேன். முருங்கை சாய்ந்திருந்தது உண்மை. வேறு கம்பும் வீட்டில் இருந்தது, அதுவும் உண்மை. சாயங்காலம் வைக்கோல் பிடுங்குவது என் வேலையாக இருந்தது. எனக்கு முழங்கால் வலி என்று அதையும் அவளிடம் கொடுத்தேன். "குடுங்க அக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இப்போது உமா விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு கீறல் விழ நான் சம்மதிப்பேனா? மெட்டில்டாவிடம் சொன்ன அன்று சாயங்காலமே, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக உமாவைத் தனியாகக் கூப்பிட்டேன். தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"படப்புப் பக்கம் கால் வைக்கப்படாது. அங்கன கண்ணாடி விரியன் கெடக்கு. கடிச்சா ரத்தம் கக்கிச் செத்துருவ."

அவள் கண்ணை விரித்தாள். "காலையில அம்மா மலைப்பாம்புக் குட்டின்னு சொன்னாவளே. வெசம் கெடையாதுன்னாவளே."

"அவளுக்குச் சொல்லாத. பயந்துருவா. பயந்தா திரேஸ்புரத்துக்கே போயிருவா. அப்புறம் ஒங்க அப்பா அழுவான். போகட்டுமா?"

"வேண்டாம்."

"அப்பம் சொல்லாத. என் மேல சத்தியம் பண்ணு."

என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அவள் கை குளிர்ந்து போயிருந்தது. நல்ல பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை. ஒன்று சொன்னால் அதைக் காப்பாற்றுவாள்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு விஷயம் கவனித்தேன். காலையில் மெட்டில்டா படப்புக்குப் போவதற்கு முன்பே மாட்டுக்கு வைக்கோல் போட்டிருந்தது. யார் என்று பார்த்தால் உமா. யூனிஃபார்ம் போடுவதற்கு முன்னால் வந்து, எட்ட நின்று, தேங்காய் பறிக்கும் துரட்டியால் படப்பின் உச்சியிலிருந்து வைக்கோலை இழுத்துப் போடுகிறாள். அவள் உயரத்துக்கு அந்தத் துரட்டியைத் தூக்கவே முடியாது. சாயங்காலமும் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து அதையே செய்கிறாள். மெட்டில்டாவுக்கு ஒரே பெருமை. "பாருங்க அக்கா, நம்ம பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு" என்றாள்.

விரியனுக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறாள் பிள்ளை. துரட்டியைப் பிடுங்கி மச்சில் போட்டேன். முதுகில் இரண்டு அடி அடித்தேன். அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை. "போகாதன்னு சொன்னேம்லா?" என்றேன். அவள் அழவில்லை. "பெரியம்மா, நீங்க எடுத்துப் போடுதியளா? ஒங்களுக்குத் தெரியும்லா. நீங்க எடுத்துப் போட்டா அம்மா போக மாட்டாவ" என்றாள்.

"போடுதேன்" என்றேன். இரண்டு நாள் போடவும் செய்தேன். மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நானே கையால் எடுத்துப் போட்டேன். எனக்கு எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து பிடுங்க வேண்டும் என்று தெரியும். மூன்றாம் நாள் என் முழங்கால் வலித்தது.

அது ஆனி மாதத்து வியாழக்கிழமை. வீட்டுக்காரர் வாழைக்குத் தண்ணீர் திறக்கப் போயிருந்தார். செந்தூர்வேல் துறைமுகத்தில். உமா பள்ளிக்கூடத்தில். ஒன்பதரை மணிக்கு மெட்டில்டா என் வாசலில் வந்து நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு புள்ளி. ரத்தம் கசிந்தது.

"மலைப்பாம்புக் குட்டி கடிச்சிட்டு அக்கா" என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். "எறும்பு கடின்னு சொன்னிய, இது உசிரு போற மாதிரி வலிக்கி."

சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சள் வைத்தேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து என் கட்டிலில் படுக்கவைத்தேன். பத்து மணிக்கெல்லாம் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. பல் பட்ட இடம் அப்படித்தான் வீங்கும் என்றேன். செந்தூர்வேலுக்குப் போன் பண்ண வேண்டும் என்றாள். உயரத்தில் கிரேனில் உட்கார்ந்திருப்பவனைப் பதற வைக்காதே என்றேன். அதுவும் நியாயம்தானே. அவள் போனைச் சார்ஜில் போடுகிறேன் என்று உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அதில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததாக நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இருக்கலாம். அதில் இரண்டு தடவை மணி அடித்தது. டயானா என்று வந்தது. அவள் தங்கை. நான் எடுக்கவில்லை.

நான்கு மணி நேரமும் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். அடுப்பில் சோறு இருந்தது, ஒரு தடவை வடிக்க எழுந்தேன், அவ்வளவுதான். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். அவள் ஜெபமாலை கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு வாந்தி எடுத்தாள். ஒரு மணிக்கு ஈறில் ரத்தம் வந்தது. தலையணை உறையில் சிவப்பைப் பார்த்து, "அக்கா, இது மலைப்பாம்புதானா?" என்று கேட்டாள்.

"ஆமாளா" என்றேன்.

"அப்பம் எனக்கு வேற என்னமோ ஆவுது" என்றாள்.

அப்போதும் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அவள் உடம்பைத்தான் சந்தேகப்பட்டாள்.

ஒன்றரை மணிக்கு ஆட்டோவைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. விஷமுறிவு ஊசி உண்டு என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். ஆட்டோக்காரர் அங்கே நிறுத்தப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கே போகட்டும், அங்கேதான் எல்லா வசதியும் உண்டு என்றேன். தூத்துக்குடிக்குப் போய்ச் சேர மேலும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. என்ன பாம்பு என்று டாக்டர் கேட்டார். சின்ன வயது, பெண் டாக்டர். மலைப்பாம்புக் குட்டி என்று நானும் சொன்னேன், மெட்டில்டாவும் சொன்னாள். டாக்டர் அந்த இரண்டு புள்ளியைப் பார்த்தார். "மலைப்பாம்பு கடிச்சா இப்படி இருக்காதும்மா" என்றார். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைத்தார். பிறகு சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவே இல்லை. உடனே ஊசி போட ஆரம்பித்தார்கள். ஏம்மா இவ்வளவு நேரம் என்று என்னைத் திட்டினார். நான் அழுதேன். அந்த அழுகை பொய் என்று சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம் ஊரில் என் வீட்டுக்காரரும் பக்கத்து வயல்காரர்களும் படப்பைப் பிரித்தார்கள். தாயை அடித்தார்கள். அதற்கு அடியில் குட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இருபத்தெட்டோ முப்பதோ. விரியன் முட்டை போடாது மேடம், குட்டிதான் போடும். ஒவ்வொன்றும் பிறக்கும்போதே விஷத்தோடு பிறக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த வீட்டுக்காரர் என்னை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார். "நீ பாத்தியாமே. ஒனக்குமாளா தெரியல?" என்றார்.

"கண்ணு மங்கிப் போச்சு" என்றேன்.

அவர் மெட்டில்டாவுக்கு வாங்கி வந்த இளநீரை என் கையில் கொடுக்காமல் உள்ளே போய் அவராகவே நர்ஸிடம் கொடுத்தார். அன்றிலிருந்து என்னோடு அவர் பேசவில்லை.

மெட்டில்டா ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. டயாலிசிஸ் செய்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். டயானா பகலில் வந்து போவாள். செந்தூர்வேல் என் காலைத் தொடாத குறை. "மைனி, நீ இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்" என்று அழுதான். அவள் உடம்பைத் துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். எட்டாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசுல வச்சுக்கிடாதிய அக்கா. ஒங்களுக்கும் தெரியாமத்தான சொன்னிய" என்றாள். பிறகு, "உமாவப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

இதற்குச் சாட்சி உண்டு. பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாளைக் கேளுங்கள். பிள்ளையை அவளே என்னிடம்தான் ஒப்படைத்தாள். சட்டத்தில் இதற்கு ஏதாவது மதிப்பு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. வக்கீலிடம் கேட்க வேண்டும்.

திரேஸ்புரத்திலிருந்து பத்திருபது பேர் வந்து அவளைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். விபத்து என்று நீங்களும் எழுதி முடித்தீர்கள். உமா என் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் என் கட்டிலில் படுத்தாள். தலை பின்னிவிட்டேன். சோறு பிசைந்து கொடுத்தேன். பழைய மாதிரியே இருந்தது. அவள் சாப்பிடுவது மட்டும் குறைவாக இருந்தது. ராத்திரி விழித்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். துக்கம் இருக்கத்தானே செய்யும். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பாம்பு கடித்ததிலிருந்து பதினாறாம் நாள் அவள் பள்ளிக்கூடத்தில் இசபெல்லா டீச்சரிடம் போய், "எங்க அம்மாவ நான்தான் கொன்னுட்டேன்" என்றாளாம். டீச்சர் பதறி என்ன என்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னாளாம். எனக்கு விரியன்னு தெரியும், பெரியம்மா சொன்னாவ, சத்தியம் வாங்குனாவ, நான் அம்மாகிட்டச் சொல்லல என்று. டீச்சர் செந்தூர்வேலை வரச்சொல்லிச் சொல்லிவிட்டார்.

அவன் என் வாசலில் வந்து நின்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "மைனி, உமாகிட்ட விரியன்னும் மெட்டில்டாகிட்ட மலைப்பாம்புன்னும் எதுக்குச் சொன்ன?" என்று கேட்டான்.

அவனிடம் பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். "பிள்ள எனக்கு வேணும்லா" என்றேன்.

அவன் உள்ளே போய் உமாவின் துணிகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனான். திரேஸ்புரத்தில் டயானா வீட்டில் விட்டிருக்கிறானாம். அவர்களுக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறேன். ரத்த உறவு கிடையாது, ஜாதி கிடையாது, சாமி கிடையாது. இரண்டு வருஷம் பழகினால் சொந்தமாகிவிடுமா?

சரி. நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அது கண்ணாடி விரியன் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். தெரிந்தே மெட்டில்டாவிடம் மாற்றிச் சொன்னேன். கம்பை எடுத்தேன். துரட்டியை எடுத்தேன். கடித்த பிறகு நான்கு மணி நேரம் காக்கவைத்தேன். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கூட்டிப்போனேன். அவள் சாக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். யாரும் தூண்டவில்லை. என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

உமா பேசுவதில்லை என்று சொன்னீர்கள். டீச்சரிடம் பேசியதுதான் கடைசி, அதற்குப் பிறகு ஒரு மாதமாக ஒரு வார்த்தையும் வாயைத் திறக்கவில்லை, அப்பாவிடம்கூட இல்லை, ஏதோ மனநல டாக்டரிடம் காட்டுகிறார்கள் என்றீர்கள். டாக்டருக்கு என்ன தெரியும்? டயானாவுக்குத்தான் என்ன தெரியும்? அவளைப் பதினோரு மாதத்திலிருந்து எனக்குத் தெரியும். புது இடம், பழக்கமில்லாத ஜனங்கள், பிள்ளை பயந்து போயிருக்கிறாள், வேறொன்றும் இல்லை. ஜாமீன் கிடைத்ததும் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே, சீக்கிரம் வந்துவிடுவதாக அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொன்னால் போதும். உடனே பேசிவிடுவாள்.